தாய்மொழியை அரங்கேற்றிய லூயிஸ் பென்னட் அம்மையார்

உலகில் ஒடுக்கப்பட்ட மக்கள் எங்கெங்கு வாழ்கின்றனரோ அங்கெல்லாம் ஓர் உண்மையைப் பொதுவாகக் காணலாம். அவர்தம் நிலம் பறிக்கப்படுகிறது, உழைப்பு சுரண்டப்படுகிறது, அவற்றோடு அவர்தம் பேச்சும் இழிவானது என்று பழிக்கப்படுகிறது. நிலத்தை இழந்தவன் தான் இழந்தது இன்னதென்று அறிவான். அதனை மீட்கப் போராடவும் செய்வான். தன் தாய் பேசிய பேச்சு இழிந்தது என்று நம்பத் தலைப்பட்டவனோ, படித்துப் பட்டம் பெற்ற பின்னரும் தன் வீட்டு வாசலிலேயே தலைகுனிந்து நிற்கிறான்.

இந்த நாணத்தைத் தம் மக்களின் நெஞ்சிலிருந்து அகற்றுவதற்காக ஒரு பெண்மணி தம் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். அவர் கட்சி நடத்தவில்லை, படை திரட்டவில்லை. மேடையேறித் தம் மக்களின் பேச்சிலேயே கவிதை சொன்னார். கேட்டவர்களைச் சிரிக்க வைத்தார். சிரித்தவர்களைச் சிந்திக்க வைத்தார். ஜமைக்கா தீவில் பிறந்து, மிஸ் லூ என்று சிறியோராலும் பெரியோராலும் அன்புடன் அழைக்கப்பெற்ற லூயிஸ் பென்னட் அம்மையாரே அவர். கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்கு அவர்தம் வாழ்க்கை விடை பகர்கின்றது. ஆதலின், கல்விப் பணியில் 25 ஆண்டுகள் கண்ட நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் பொருத்தமாகும்.

தீவும் அதன் மொழியும்

கியூபா நாட்டிற்குத் தெற்கே கரிபியன் கடலில் அமைந்த தீவு ஜமைக்கா. 1655-இல் ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்குவதற்காக மேற்கு ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியால் பிணைத்துக் கப்பல்களில் கொண்டு வந்து சந்தையில் விற்றனர். அவ்வாறு கொண்டுவரப்பட்டவர்கள் ஒரே இனத்தவர் அல்லர். ஒரே மொழியினரும் அல்லர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத நிலையில், ஆண்டைகளின் ஆங்கிலச் சொற்களைத் தம் தாயகத்து மொழிகளின் போக்கோடு இணைத்து, புதியதொரு மொழியை அவர்கள் ஆக்கிக்கொண்டனர்.

இவ்வாறு பிறக்கும் மொழிகளைக் கிரியோல் மொழிகள் என்று அறிஞர் வழங்குவர். ஜமைக்கா மக்கள் தம் மொழியைப் பட்வா என்பர். உண்ணுதலைக் குறிக்கும் நியாம் என்ற சொல்லும், பலரை நோக்கி நீங்கள் என்று கூறப் பயன்படும் உனு என்ற சொல்லும் அம்மொழியில் வாழும் ஆப்பிரிக்கச் சொற்களாகும். காலத்தைக் காட்டுவதற்கு வினைச்சொல்லின் உருவை மாற்றாமல், அதன் முன்னே தனிச்சொல் ஒன்றை வைப்பது அதன் இலக்கண இயல்பு. சிலந்தி வடிவில் வந்து வலியோரை வஞ்சனையால் வெல்லும் அனான்சியின் கதைகளும் கடல் கடந்து வந்து அம்மொழியிலேயே உயிர் பிழைத்தன.

1838 ஆகஸ்ட் முதல் நாள் அத்தீவின் அடிமை மக்கள் முழு விடுதலை எய்தினர். உடல் விடுதலை பெற்றதே அன்றி மொழி விடுதலை பெறவில்லை. பள்ளியும் வழக்கு மன்றமும் அரசு அலுவலகமும் ஆங்கிலத்திலேயே இயங்கின. மக்கள் வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் பேசிய பட்வாவோ, சிதைந்த ஆங்கிலம் என்றும், கல்லாதார் உளறல் என்றும் இகழப்பட்டது. அதனைப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகளே படித்து மேல்நிலை எய்தியபின் அவ்வாறு இகழ்ந்தனர் என்பதுதான் வேதனைக்குரியது.

தையற்காரியின் மகள்

லூயிஸ் 1919 செப்டம்பர் 7-ஆம் நாள் ஜமைக்காவின் தலைநகராகிய கிங்ஸ்டனில் பிறந்தார். தந்தையார் அகஸ்டஸ் கொர்னீலியஸ் பென்னட் ரொட்டிக் கடை வைத்திருந்தவர், 1926-இல் காலமானார். அப்போது லூயிஸ் ஏழு வயதுச் சிறுமி. அதன்பின் தாயார் கெரீன் ராபின்சனே தையல் தொழில் செய்து தம் ஒரே மகளை வளர்த்தார்.

தையற்காரியின் வீடு லூயிசுக்கு முதற் பள்ளியாயிற்று. ஆடை தைத்துக்கொள்ள வரும் பெண்கள் அங்கே அமர்ந்து, ஊர்ச் செய்திகளையும் தம் இன்ப துன்பங்களையும் பேசுவர். மீன் விற்பவரும், கிழங்கு விற்பவரும், கடையில் வேலை செய்பவரும், ஆசிரியையும் அங்கு வருவதுண்டு. அவர்களுள் எவரைக் குறிப்பிடும்போதும் தாயார் சீமாட்டி என்று பொருள்படும் மரியாதைச் சொல்லைச் சேர்த்தே குறிப்பிடுவார். ஆசிரியைக்கு எந்த மரியாதையோ அந்த மரியாதையே மீன்காரிக்கும் கிடைத்தது. மனிதரை மதிக்கும் பண்பைத் தாம் தாயிடமிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் லூயிஸ் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். பாட்டியாரோ அனான்சிக் கதைகளையும் பழம் பாடல்களையும் பேத்திக்குச் சொல்லித் தந்தார்.

பள்ளிக்கூடம் வேறோர் உலகமாக இருந்தது. அங்கே கற்பிக்கப்பட்டவை ஆங்கில நாட்டுக் கவிதைகள். லூயிசும் தொடக்கத்தில் அவற்றைப் பின்பற்றி ஆங்கிலத்திலேயே பாடல் இயற்றினார். வீட்டில் கேட்ட செழுமையான பேச்சு ஏட்டில் எங்கும் இல்லை என்பதை அவர் இளம் வயதிலேயே கண்டார்.

டிராம் வண்டியில் பிறந்த கவிதை

அவருக்கு ஏறத்தாழ 14 வயதானபோது நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அவர்தம் வாழ்க்கைப் பாதையை வகுத்தது. அக்காலத்தில் கிங்ஸ்டன் நகரின் டிராம் வண்டிகளில், கூடை சுமந்து சந்தைக்குச் செல்லும் பெண்கள் பின்வரிசையில்தான் அமர வேண்டும். நன்கு உடுத்தியவர்கள் அவ்விடத்தை நாடமாட்டார்கள். ஒரு நாள் லூயிஸ் பெரிய பெண்ணைப் போல ஆடை அணிந்து திரைப்படம் பார்க்கப் புறப்பட்டார். வண்டியில் வேறிடம் இன்மையால் பின்வரிசையை நோக்கி நடந்தார்.

அதனைக் கண்ட சந்தைப் பெண் ஒருத்தி, பகட்டாக உடுத்திய ஒருத்தி இடம் பிடிக்க வருகிறாள், பாவாடையை அகல விரித்து உட்காருங்கள் என்று தன் தோழியரைத் தன் மொழியில் எச்சரித்தாள். எங்களைப் பின்னே தள்ளிய நீங்கள் இங்கும் வந்து இடத்தைப் பறிப்பீர்களோ என்னும் பொருள் அச்சொற்களில் பொதிந்திருந்தது. வேறொரு பெண்ணாயின் சினம் கொண்டிருப்பாள். லூயிசோ அப்பேச்சின் விரைவிலும் கூர்மையிலும் உள்ளத்தைப் பறிகொடுத்தார். இத்துணை உயிருள்ள மொழி நம்மிடம் இருக்க, எங்கோ மலரும் ஆங்கில நாட்டுப் பூக்களைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என்று எண்ணினார். அந்நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டு பட்வா மொழியில் தம் முதற் கவிதையை எழுதினார்.

எண்ணிப் பார்த்தால், அவர்தம் கவிதைக்கு ஆசிரியைகளாக அமைந்தோர் கூடை சுமந்த அப்பெண்களே. அவர்கள் எழுத்தறியாதவர்களாக இருந்திருக்கலாம், ஆனால் சொல்லறிந்தவர்கள்.

ஏளனத்தை வென்ற துணிவு

1930-களின் பிற்பகுதியில் லூயிஸ் மேடைகளில் தம் கவிதைகளைச் சொல்லத் தொடங்கினார். கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சியில் அவருக்கு இடமளித்து ஊக்கியவர் எரிக் கவர்லி என்னும் கலைஞர். அவரே பின்னாளில் லூயிசின் கணவரானார். 1942-இல் முதல் நூல் வெளிவந்தது. 1943 முதல் கிளீனர் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அவர் கவிதைகள் இடம்பெற்றன. உலகப் போர்க் காலத்துப் பண்டத் தட்டுப்பாடு, விலைவாசி, தேர்தல், அயல்நாட்டு வேலை தேடி ஓடுவோர் என நாட்டு நடப்புகள் யாவும் அவர் கவிதைக்குப் பொருளாயின.

பாராட்டோடு பழிப்பும் வந்தது. நன்கு கற்ற பெண் ஒருத்தி மேடையேறிச் சந்தைப் பேச்சுப் பேசுவதா என்று படித்தோர் முகம் சுளித்தனர். ஒரு முறை அவர் கவிதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இதற்காகவா உன் தாய் உன்னைப் பள்ளிக்கு அனுப்பினாள் என்ற ஏளனக் குரல் அரங்கின் பின்புறமிருந்து எழுந்தது. அவ்வாறு கேட்டவரும் அதனைப் பட்வா மொழியிலேயே கேட்டார். தம் நாவில் இயல்பாக எழும் மொழியைக் கொண்டே அம்மொழியைப் பழிக்கும் விந்தை அங்கே நிகழ்ந்தது. கவிஞர்கள் கூடியமைத்த கழகத்திலும் அவருக்கு அழைப்பில்லை. அவரை நகைச்சுவை நடிகை என்று ஏற்றுக்கொண்டவர்களும் கவிஞர் என்று ஏற்கத் தயங்கினர். இவற்றால் அவர் மனம் தளர்ந்தாரல்லர். தம் வழியையும் மாற்றிக்கொண்டாரல்லர்.

இலண்டன் மாநகரில்

1945-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவித்தொகை பெற்று அவர் இலண்டன் சென்றார். நாடகக் கலைக்குப் புகழ்பெற்ற ராயல் அகாடமி கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அக்கல்லூரியில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. பி.பி.சி. வானொலியில் கரிபியன் மக்களுக்கான கலை நிகழ்ச்சியை நடத்தும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. பின்னர் ஆங்கில நாடகக் குழுக்களிலும் நடித்தார்.

இவ்விடத்தில் அவருக்கு முன்னே வழி சமைத்த மற்றொரு பெண்மணியையும் நினைத்தல் கடமையாகும். 1905-இல் பிறந்து 1965-இல் மறைந்த ஊனா மார்சன் என்னும் ஜமைக்காப் பெண் கவிஞர், 1943-இல் பி.பி.சி.யில் தொடங்கிய கரிபியன் குரல்கள் என்னும் இலக்கிய நிகழ்ச்சிக்கு அடித்தளம் இட்டவர். கறுப்பினப் பெண்ணின் கூந்தலும் நிறமும் இழிவென்று கருதப்பட்ட நாளில், அவ்வேதனையைக் கவிதையில் வடித்தவர். சில கவிதைகளில் மக்கள் பேச்சையும் அவர் ஆண்டார். ஆண்களுள் கிளாட் மெக்கே 1912-லேயே பட்வா மொழியில் கவிதை நூல் வெளியிட்டிருந்தார். ஆயினும் அம்மொழியையே தம் முழுமையான கருவியாகக் கொண்டு, ஏட்டிலும் மேடையிலும் வானொலியிலும் ஒருங்கே ஆண்டவர் லூயிஸ் பென்னட் அம்மையாரே.

1953-இல் அவர் நியூயார்க் சென்றார். 1954-இல் எரிக் கவர்லியை அங்கே மணந்தார். அதே ஆண்டு அவர் பாடிய ஜமைக்கா நாட்டுப்புறப் பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. வாழைத்தார் சுமந்து விடியும்வரை உழைத்த தொழிலாளரின் பாடலும் அவற்றுள் ஒன்று. இரண்டாண்டுகளுக்குப் பின் ஹாரி பெலஃபாண்டே என்னும் பாடகரின் குரலில் அப்பாடல் உலகெங்கும் பரவியது.

அயல்நாட்டில் அவருக்குக் கல்வியும் பயிற்சியும் கிடைத்தன. எனினும் தம் பணிக்களம் தம் மண்ணே என்பதில் அவருக்கு ஐயமில்லை. 1955-இல் கணவருடன் தாயகம் திரும்பினார்.

ஊர் ஊராகச் செய்த பணி

தாயகம் திரும்பியவர் சமூக நலக் குழுவில் பணியேற்றார். நாடகப் பயிற்சி அளிப்பதற்காகத் தீவின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் பயணம் செய்தார். சென்ற ஊர்களிலெல்லாம் முதியோரிடம் அமர்ந்து பாடல்களையும் பழமொழிகளையும் விடுகதைகளையும் கேட்டுத் திரட்டினார். பல்கலைக்கழகத்தின் வெளிப்புறக் கல்வித் துறையில் நாட்டுப்புறக் கலையும் நாடகமும் கற்பித்தார். கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொள்ளவும் செய்தார் என்பதே அப்பணியின் சிறப்பு.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் கிங்ஸ்டனில் பாண்டமைம் என்னும் இசை நாடகம் நடைபெறுவது வழக்கம். 1941-இல் தொடங்கிய இந்நாடகங்கள் முதலில் ஆங்கில நாட்டுக் குழந்தைக் கதைகளைத் தழுவியே அமைந்தன. லூயிஸ் அம்மையாரும் ரானி வில்லியம்ஸ் என்னும் நகைச்சுவை நடிகரும் அவற்றில் பங்கேற்ற பின், நாடகத்தின் பேச்சும் பாட்டும் கதையும் படிப்படியாக ஜமைக்கா மண்ணின் தன்மையைப் பெற்றன. அனான்சியும் அரங்கேறினான்.

மேடைக்கு வரும்போது அவர் பட்டாடை உடுத்துவதில்லை. கிராமத்துப் பெண்கள் உடுத்தும் சிவப்புக் கட்டம் போட்ட பருத்தி ஆடையை அணிந்து, அதே துணியால் தலைக்கட்டும் கட்டிக்கொள்வார். அக்கட்டத்துணி நமக்கு அயலானதன்று. நம் மதராஸ் வட்டாரத்து நெசவாளர்கள் நெய்து, கப்பலேறி, கரிபியன் தீவுகளின் ஏழை மக்களுக்கு ஆடையான துணியின் வழிவந்ததே அது. பல தீவுகளில் இன்றும் அதன் பெயர் மதராஸ் துணி என்பதேயாகும். ஏழை நெசவாளி நெய்ததை ஏழை உழைப்பாளி உடுத்தினான். அதனை லூயிஸ் அம்மையார் அரங்கில் பெருமையின் சின்னமாக்கினார்.

1966 முதல் 1982 வரை அவர் வானொலியில் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசிவந்தார். ரோச்சி அத்தை என்னும் கற்பனைக் கிழவியின் வாயிலாக நாட்டோரின் குறைகளை அவர் எடுத்துரைத்தபோது, ஏழைகள் தம் வீட்டுப் பெரியவளே பேசக் கேட்டது போல மகிழ்ந்தனர். 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் சிறுவர்களுக்கான நிகழ்ச்சியையும் நடத்தினார். பாட்டும் ஆட்டமும் கதையும் நிறைந்த அந்நிகழ்ச்சியில் தம் வீட்டு மொழி ஒலிக்கக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது.

கவிதையில் ஒலித்த பெண் குரல்

அம்மையாரின் கவிதைகளில் பெரும்பாலும் பேசுவோர் பெண்களே. நான்கடிச் செய்யுளாக, எதுகையும் ஒலிநயமும் பொருந்த அமைந்த அக்கவிதைகளில் கவிஞர் தம் கருத்தை நேரே கூறுவதில்லை. ஒரு பெண்ணைப் பேச விடுகிறார். அவள் பேச்சிலேயே அவள் குணமும், அவள் படும் பாடும், அவளை அழுத்தும் உலகமும் புலனாகின்றன. படிக்கும்போது ஒரு சுவையும், குரலும் முகமும் கையசைவும் சேர்த்து நடிக்கும்போது பன்மடங்கு சுவையும் தருபவை அவை.

ஒரு கவிதையில் நடைபாதை வியாபாரி ஒருத்தி வருகின்றாள். வாங்க வருவோரை நயமொழி கூறி அழைப்பதும், வாங்காமல் போவோரை மறுகணமே வசைபாடுவதுமாக அவள் வாய் ஓய்வதில்லை. அன்றாடம் விற்றால்தான் அன்றாடம் உணவு என்ற நிலை அந்த நகைச்சுவைக்குள் மறைந்திருக்கிறது.

மற்றொரு கவிதையில் வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி எசமானியால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். தன் அண்ணனை அழைத்து வந்து கணக்குத் தீர்த்துவிடுவதாக அவள் மிரட்டுகிறாள். எசமானி அஞ்சி, கூலியைக் கொடுத்து அனுப்புகிறாள். தனக்கு அண்ணனே இல்லை என்று அவள் இறுதியில் நமக்கு மட்டும் சொல்லிச் சிரிக்கிறாள். சட்டமும் செல்வமும் துணையில்லாத ஏழைப் பெண்ணிற்குச் சொல் ஒன்றே படைக்கலமாயிற்று என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது.

வேறொரு கவிதையில், அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்து திரும்பிய மகனிடம் தாய் குறைப்படுகிறாள். அமெரிக்கர் போல மூக்கால் பேசக் கூடக் கற்காமல் வந்துவிட்டாயே, அண்டை அயலார் முன் நான் எப்படித் தலைநிமிர்வேன் என்று வருந்துகிறாள். அவள் அறியாமை கண்டு சிரிக்கத் தொடங்கும் நாம், அயல்மொழி மோகம் ஏழைத் தாயின் உள்ளத்தையும் எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கிறது என்றெண்ணிச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறோம். தம் மக்களின் பெருமையைப் பாடியது போலவே அவர்தம் பேதைமையையும் அம்மையார் மறைக்காமல் காட்டினார்.

1948-இல் விண்ட்ரஷ் என்னும் கப்பல் கரிபியன் மக்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து சேர்ந்தபின், அங்கே பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் பலர். அக்குடிபெயர்வை, ஆங்கிலேயர் செய்ததையே தலைகீழாகத் திருப்பிச் செய்யும் குடியேற்றம் என்று அவர் ஒரு கவிதையில் கேலி செய்தார். நாடு பிடித்தவர் நாட்டையே இப்போது நாம் பிடிக்கப் புறப்பட்டோம் என்ற அந்நகைப்பில் நூற்றாண்டுகளின் கணக்கு அடங்கியிருந்தது. ஜமைக்காப் பெண்களைப் பற்றிய கவிதையிலோ, ஆங்கிலேயரை எதிர்த்து மலைகளில் போரிட்ட நானி என்னும் வீரத் தலைவியின் வழிவந்தவர்கள் அவர்கள் என்று போற்றினார். பெண்ணுரிமை என்ற சொல் அயல்நாட்டிலிருந்து வருமுன்னரே, ஆரவாரமின்றிக் குடும்பத்தையும் நாட்டையும் தாங்கிவந்தவர்கள் அவர்கள் என்று எடுத்துக்காட்டினார்.

மொழிக்காக வழக்காடியவர்

பட்வாவை ஒழித்தால்தான் நாடு முன்னேறும் என்று கூறியவர்களுக்கு அம்மையார் அளித்த விடை நயமானது. ஆங்கிலமே ஒரு காலத்தில் எளிய மக்களின் வட்டாரப் பேச்சாக இருந்ததுதானே என்று அவர் வினவினார். வட்டார வழக்கு அனைத்தையும் அழிப்பதாயின் இங்கிலாந்தின் வழக்குகளையும் அழிக்க வேண்டும். சாசரையும் பர்ன்சையும் என் செய்வது என்றார். இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலம் சொற்களை எடுத்துக்கொண்டால் அதனை வளர்ச்சி என்கிறீர்கள், நாங்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டால் அதனைச் சிதைவு என்கிறீர்களே, இது என்ன நீதி என்பது ரோச்சி அத்தையின் வாதம். மொழிகளுக்குள் உயர்வு தாழ்வு இயற்கையில் இல்லை. பேசுவோர்க்கு உள்ள ஆதிக்கமே மொழிக்கு உயர்வு தாழ்வைக் கற்பிக்கிறது என்ற பேருண்மையை அவர் நகைச்சுவையாகவே விளக்கிவிட்டார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் ஒருபோதும் கூறியதில்லை. அம்மொழியை ஐயந்திரிபறக் கற்றவர் அவர். அதனைக் கற்பதற்காகத் தாயின் மொழியை வெறுக்க வேண்டியதில்லை என்பதே அவர் கட்சி.

காலம் தாழ்ந்து வந்த பெருமை

1962 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஜமைக்கா விடுதலை பெற்றது. அவ்விழாவையொட்டி வெளிவந்த இலக்கியத் தொகுப்பில் லூயிஸ் அம்மையாரின் படைப்பு கவிதைப் பகுதியில் வைக்கப்படவில்லை. நூலின் இறுதியில் பல்வகை என்னும் தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டது. நாடு விடுதலையான பின்னும் மக்கள் மொழிக்குப் பின்வரிசையே கிடைத்தது. டிராம் வண்டியில் கூடைக்காரப் பெண்களுக்குக் கிடைத்த இடமே ஏட்டில் அவர்தம் மொழிக்கும் கிடைத்தது.

ஆயினும் காற்று மாறிற்று. 1963-இல் மெர்வின் மோரிஸ் என்னும் இளம் கவிஞர், இவ்வம்மையாரை உரிய மதிப்புடன் ஆழ்ந்து படிக்க வேண்டும் என்று வலியுறுத்திக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். 1966-இல் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டு பதிப்பித்த பெரிய தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு பெரில் பெய்லி என்னும் ஜமைக்காப் பெண் மொழியியலாளர், அம்மொழிக்கு முறையான தொடரமைப்பு உண்டு என்று நிறுவிய நூலை வெளியிட்டார். மறு ஆண்டில் அம்மொழிச் சொற்களுக்குப் பேரகராதியே வந்தது. 1974-இல் ஜமைக்கா அரசு லூயிஸ் அம்மையாருக்கு உயரிய விருதளித்தது. 1983-இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் இலக்கிய முனைவர் பட்டம் வழங்கியது. 2001-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் பெருஞ்சிறப்பும் அவரை வந்தடைந்தது.

இறுதிக் காலத்தை அவர் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் கழித்தார். 2002-இல் கணவர் மறைந்தார். 2003-இல் விடுதலை விழாவிற்காகத் தாயகம் வந்தபோது மக்கள் அவரைப் பெருந்திரளாக வரவேற்றனர். 2006 ஜூலையில் தமது 86-ஆம் வயதில் டொராண்டோவில் அம்மையார் காலமானார். அவர் உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் கிங்ஸ்டன் நகரின் தேசிய வீரர் பூங்காவில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் நெடுநாள் வாழ்ந்த கார்டன் டவுன் என்னும் ஊரின் சதுக்கத்தில் 2018-இல் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது.

வழிவந்த பெண்கள்

ஒருவர் வெட்டிய வாய்க்காலில் பலர் நீர் பாய்ச்சுவர். ரெகே இசையின் தாளத்தோடு கவிதை சொல்லும் டப் கவிதை என்னும் கலை 1970-களில் வளர்ந்தபோது, அதில் முதலில் ஆண்களே முன்னின்றனர். அம்மேடையில் தமக்கென இடம் பெற்ற முதற் பெண் ஜீன் பின்டா பிரீஸ். 2021-இல் மறைந்த இவர், கிங்ஸ்டன் தெருக்களில் அலையும் மனநலம் குன்றிய பெண்ணின் குரலில் இயற்றிய கவிதை பெரும்புகழ் பெற்றது. கனடாவிற்குக் குடிபெயர்ந்த லிலியன் ஆலன், தம் கவிதை இசைத்தட்டிற்காக அந்நாட்டின் ஜூனோ விருதைப் பெற்றார். கிரனாடா தீவின் மெர்ல் காலின்ஸ், 1979-இல் அங்கு எழுந்த புரட்சியின் காலத்தில் மக்கள் கூட்டங்களில் கவிதை சொன்னார். லூயிஸ் அம்மையார் தனித்து நின்று திறந்த கதவின் வழியே இத்தகைய பெண்கள் துணிவுடன் நடந்தனர்.

இன்றும் ஜமைக்காவில் ஆங்கிலமே ஆட்சிமொழி. எனினும் 2002-இல் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் பட்வா மொழிக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. 2012-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாடு அம்மொழியில் வெளிவந்தது. வழிபாட்டிற்கும் கல்விக்கும் தகாதது என்று தள்ளப்பட்ட மொழி, அவ்விரு வாயில்களிலும் நுழைந்துவிட்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

சமுதாய இளைஞர்களே! இதற்காகவா தாய் பள்ளிக்கு அனுப்பினாள் என்று அன்று அரங்கிலிருந்து எழுந்த கேள்விக்கு லூயிஸ் அம்மையார் தம் வாழ்க்கையால் விடையளித்தார். ஆம், இதற்காகவும்தான் அனுப்பினாள். தன் பேச்சும் தன் உழைப்பும் தன் பாட்டும் ஏட்டில் ஏற வேண்டும். அதனைத் தன் பிள்ளையே ஏற்ற வேண்டும் என்பதற்காகவும்தான் அனுப்பினாள்.

நம் சங்கத்தின் துணையால் படித்தவர்கள் இன்று பல துறைகளில் பணியாற்றுகின்றனர். ஆங்கிலத்தையும் செந்தமிழையும் பிழையறக் கற்போம். உயர்ந்த கல்லூரிகளின் வாயில்களில் உரிமையுடன் நுழைவோம். அதே வேளையில், கல்லூரி விழாவிற்கு வந்த தாய் வாய் திறந்து பேசினால் தோழர்கள் நகைப்பார்களோ என்று அஞ்சும் அச்சத்தை வேரோடு களைவோம். நடவு வயலில் பாடிய பாட்டும், பிள்ளையை உறங்க வைத்த தாலாட்டும், இறந்தவர் பெருமை கூறிய ஒப்பாரியும் நம் பாட்டிமார் நினைவில் இன்னும் வாழ்கின்றன. அவர்கள் மறையுமுன் அருகமர்ந்து கேட்டு எழுதிவைப்பது கற்றவர் கடமை. லூயிஸ் பென்னட் அம்மையார் தம் தீவில் ஊர் ஊராகச் சென்று செய்த பணி அதுவே.

வாழ்க அவர்தம் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!